ஒரு விரிப்பு முடியும் நேரம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கிட்ட. என் குரல் முன்னைப் போல இல்லை, தூரத்தில் இருப்பவர்களுக்குப் பாதிக் கதைதான் வந்து சேரும். அரண்மனைக் கதை இல்லை இது, அரக்கனும் வரமாட்டான். ஆவி உண்டு, ஆனால் நீராவி. துணி வெளுக்கும் இடத்தில் நடந்தது. நடுவில் எனக்குத் தொண்டை வறளும், ஒருத்தர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டினாற்போல, சலவைக்கூடம். எல்லா வார்டுகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் டாக்டர்களின் கோட்டும் அங்கேதான் வரும். வரும்போது சும்மாவா வரும்? கூடவே ஸ்பூன் வரும், ஊசி வரும், யாரோ ஒரு பெரியவரின் பல்செட் வரும். பல்செட்டுகளுக்கென்றே ஜன்னலோரம் ஒரு டப்பா வைத்திருந்தார்கள். அதைத் திறந்தால் ஒரு கல்யாணக் கூட்டமே சிரிக்கிற மாதிரி இருக்கும்.

அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களில் ஒருத்தியைக் கஞ்சி என்று கூப்பிடுவார்கள். டாக்டர் கோட்டுகளுக்குக் கஞ்சி போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் வந்த பெயர். அவளுக்கு ஒரு நாத்தனார், புருஷனின் தங்கை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே கஞ்சிதான். அவளுக்கு அங்கே ரேடியோ என்று பெயர். இயந்திரம் போடுகிற இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்காத இடத்திலும் அவள் வாய் ஓயாது.

இரண்டு பேரும் உருளையில் ஜோடி. உருளை என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? ஆள் உயர நீளமுள்ள பெரிய இரும்பு உருளை; உள்ளே நீராவி ஓடும், மேலே தொட்டால் தோல் போய்விடும். ஈரமான விரிப்பின் ஒரு மூலையை ஒருத்தி, மறு மூலையை இன்னொருத்தி பிடித்து, விறைப்பாக இழுத்து உள்ளே கொடுக்க வேண்டும். அது மெதுவாக விழுங்கி, அந்தப் பக்கம் காய்ந்து மொரமொரவென்று வெளியே தள்ளும். அங்கே இரண்டு பேர் மடிப்பார்கள். அப்படி இரண்டு உருளைகள். கஞ்சியும் ரேடியோவும் பிடித்தால் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. புருஷன் பெண்டாட்டிக்குள்கூட அப்படி ஒரு ஒத்துப்போதல் நான் கண்டதில்லை.

பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போனார். மேனேஜர் கூடத்துக்கு வந்து, "வெளியாள் வேணாம், உங்களுக்குள்ளேயே ஒருத்தரைச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் ஒரே வாயாகக் கஞ்சியைச் சொன்னார்கள். அதிகம் சத்தமாகச் சொன்னது யாரென்று நான் சொல்ல வேண்டுமா?

"எங்க அண்ணி சார்! வீட்டுல எங்க அண்ணனையே லைன்ல நிக்க வைக்கிறவங்க!"

கூடமே சிரித்தது. கஞ்சியும் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்ததுதான்.

அவள் கெட்டவள் இல்லை, கேளுங்கள். ஆனால் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் அவளுக்குள் ஒரு பயம் வந்து கூடவே உட்கார்ந்துகொண்டது. நேற்று வரை தோளில் கை போட்டவர்கள் நாளைக்குத் தலையில் ஏறிவிட்டால்? அதனால் முந்திக்கொண்டாள். டீக்கு நின்றால் "என்ன கூட்டம்?" என்றாள். உடம்பு முடியவில்லை என்று ஒருத்தி வந்தால் "எனக்கு மட்டும் முடியுதா?" என்றாள். நாத்தனாருக்குச் சலுகை தருகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ரேடியோவிடம்தான் அதிகம் சிடுசிடுத்தாள். ரேடியோ எதையாவது சொல்ல வாயெடுத்தால், "வேலையைப் பாரு, பேச்சைக் குறை." வீட்டுக்கு வந்தாலும் அதே பாட்டு.

அந்தக் கோடையில் கூடத்தின் பெரிய காற்றாடி நின்றுபோனது. உள்ளிருக்கும் ஆவியை வெளியே இழுக்கிற காற்றாடி அது. அது நின்றால் கூடம் மூடி போட்ட இட்லிப் பானைதான். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், சின்னப்பொண்ணு என்பார்கள், உருளை முன்னாலேயே மயங்கி விழுந்தாள். கஞ்சி மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "பார்க்கலாம்" என்றார். இன்னொரு முறை போனாள். "பார்க்கலாம்னு சொன்னேனே" என்றார்.

கஞ்சிக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்தான். ஆஸ்பத்திரியின் பெரிய அதிகாரிகள் கூடத்தைப் பார்வையிட வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"அவங்க உள்ளே வருவாங்க. நான் கையைத் தூக்குவேன். தூக்கினதும் எல்லாரும் துணியிலேருந்து கையை எடுத்துடணும். காற்றாடி ஓடினாத்தான் வேலைன்னு நான் சொல்லுவேன். புரிஞ்சுதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். மூத்தவளான கண்ணாடியம்மா மட்டும், "ஒரு நிமிஷம்மா, அதுல ஒண்ணு…" என்று இழுத்தாள்.

"பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நடுவுல கழுத்தறுக்காதீங்க."

கண்ணாடியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் கூட்டம். முடிந்தது.

பார்வைக்கு முந்தின நாள் சாயங்காலம், ரேடியோ மேனேஜர் அறையிலிருந்து வெளியே வருவதைக் கஞ்சி பார்த்தாள். "அங்கே என்ன உனக்கு வேலை?" என்று கேட்டாள். ரேடியோ, எதற்கும் ஒன்பது பதில் வைத்திருப்பவள், "ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள்.

மறுநாள். அதிகாரிகள் வந்தார்கள், மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. மேனேஜர் முன்னால் நடந்தார். கஞ்சி கூடத்தின் நடுவில் நின்று கையைத் தூக்கினாள்.

ஒருத்தியும் கையை எடுக்கவில்லை.

இரண்டு உருளைகளும் ஓடிக்கொண்டிருந்தன. விரிப்புகள் போய்க்கொண்டிருந்தன. கஞ்சி ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ அவள் பக்கம் திரும்பவே இல்லை. எதிரில் மறுமூலையைப் பிடித்திருந்த சின்னப்பொண்ணின் விரல்களையே பார்த்தபடி, தன் மூலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு துணியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கஞ்சியின் கை காற்றில் தனியாக நின்றது. நடுச்சந்தையில் சேலை அவிழ்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"என்னம்மா?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணுமில்ல சார். லைட்டு… லைட்டு மினுக்குதான்னு பார்த்தேன்." கையை இறக்கினாள். சிரித்தாள்கூட.

மேனேஜர் அதிகாரிகளிடம், "எங்க ஆளுங்க வேலைன்னு வந்துட்டா யார் பேச்சையும் கேக்க மாட்டாங்க" என்று பெருமையடித்தார். அவர் சும்மா சொன்னாரோ, தெரிந்து சொன்னாரோ! கஞ்சிக்கு அது நெஞ்சில் தைத்தது. முந்தின நாள் அந்த அறையிலிருந்து யார் வெளியே வந்தது என்று நினைத்துப் பார்த்தாள். கணக்கு நேராகிவிட்டது அவளுக்கு.

அன்று வீட்டில் ரேடியோ தட்டை வைத்தாள். கஞ்சி தட்டைத் தள்ளினாள்.

"அண்ணி, அந்த விரிப்பு அப்போ…"

"வாயைத் திறக்காதே. இந்த வீட்டு உப்பைத்தானே தின்னே? உன்னை நான்தானே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்தேன்?"

"ஒரே ஒரு வார்த்தை கேளுங்க…"

"போதும் கேட்டது."

புருஷன்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உப்புன்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது, இன்னிக்கு இதுல உப்பே இல்லையே" என்று ஏதோ சிரிக்க வைக்கப் பார்த்தார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் காலை கஞ்சி ரேடியோவை உருளையிலிருந்து எடுத்து அழுக்கு அறைக்கு மாற்றினாள். வார்டிலிருந்து வரும் துணியை, ரத்தமும் சீழும் வாந்தியுமாக, பிரித்துப் போடுகிற அறை. ஜன்னல் கிடையாது. அங்கே ஒருவரைப் போடுவதென்றால் முறை வைத்து மாற்றிப் போடுவதுதான் வழக்கம். ரேடியோவை மாற்றவே இல்லை. ரேடியோ எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. கூடத்தில் இயந்திரம் மட்டும் பேசியது.

மற்றவர்கள் கஞ்சியைக் கண்டால் குனிந்துகொண்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில். அவள் வந்தால் டீ டம்ளர்கள் காலியாகிவிடும். 'குற்றம் குறுகுறுக்குது, பார்க்கட்டும் தரையை' என்று அவள் நினைத்துக்கொண்டாள். ராத்திரியில் மட்டும் ஏனோ தூக்கம் வரவில்லை. ஒருத்தி ஏமாற்றினால் மனம் ஆறும். எல்லாரும் சேர்ந்து ஏமாற்றினால், இத்தனை நாள் பழகியதெல்லாம் என்ன என்று ஆகிவிடாதா? அதுதான் அவளை அரித்தது.

மேனேஜருக்கு இப்போது கஞ்சியை மிகவும் பிடித்துப்போனது. ஒருநாள் கூப்பிட்டு, நாற்காலி கொடுத்து, "மேலே ஆள் குறைக்கச் சொல்றாங்கம்மா. ஒருத்தரை நிறுத்தணும். யார்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

நாக்கு நுனியில் ஒரு பெயர் இருந்தது. அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது. "நாளைக்குச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்தாள். வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், பல்லிடுக்கில் மாட்டியதைத் துழாவுகிற மாதிரி.

யாரோ தண்ணீர் கொடுங்கள். ம்… நல்லது.

மறுநாள் சின்னப்பொண்ணு வேலைக்கு வரவில்லை. உருளையில் ஒரு ஆள் குறைவு. வேறு வழியில்லாமல், சூப்பர்வைசர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கஞ்சியே போய் நின்றாள். மறுமூலையில் கண்ணாடியம்மா. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கை மறக்குமா? முதல் விரிப்பு கோணலாகப் போனது, அடுத்தது நேரானது, அதற்கடுத்ததில் பழைய கஞ்சி திரும்பி வந்துவிட்டாள்.

ஒரு விரிப்பு பாதி போயிருக்கும்போது மேனேஜர் வாசலில் வந்து நின்றார். கையைத் தூக்கி, வா என்று விரலை ஆட்டினார். பெயர் கேட்க வந்திருக்கிறார்.

கஞ்சி போகவில்லை. போக முடியவில்லை. பாதி விரிப்பு உருளைக்குள் இருக்கும்போது ஒருத்தி கையை விட்டால், துணி ஒரேயடியாக மற்றவள் பக்கம் சாடும். அவள் விரல்மேல் சுற்றிக்கொண்டு விரலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அவசரத்துக்கு நிறுத்தும் கம்பி ஒன்று உண்டு. அது தனக்குத் தோன்றினால் நிறுத்தும். ஆகவே உருளையில் நிற்கிற எந்தப் பெண்ணும், வீடு பற்றி எரிகிறது என்று யார் வந்து சொன்னாலும், பிடித்த விரிப்பு முடியாமல் மூலையை விடமாட்டாள். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கைக்கே தெரியும்.

"கூப்பிட்டா வரமாட்டீங்களா?" என்று மேனேஜர் கத்தியது வாயசைவில் தெரிந்தது. இரண்டு பெருமூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. அதற்குள் அவர் கையை உதறி, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

விரிப்பு முடிந்தது. கஞ்சியின் கை அப்போதுதான் துணியை விட்டது.

மற்ற உருளையும் தன் விரிப்பை முடித்ததும், அவள் இயந்திரங்களை நிறுத்தினாள். கூடத்தில் அமைதி வந்தது.

"அக்கா," என்றாள், கண்ணாடியம்மாவிடம். அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. "அன்னிக்கு… அன்னிக்கு நான் கையைத் தூக்கினப்போ, துணி பாதியில இருந்துச்சா?"

கண்ணாடியம்மா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ரெண்டு உருளையிலும் பாதியில இருந்துச்சுடி. இதைச் சொல்லத்தான் அன்னிக்கு வாயெடுத்தேன். விரிப்பு முடியற நேரமாப் பார்த்துத் தூக்குன்னு. நீ கழுத்தறுக்காதீங்கன்னு சொல்லிட்டே. சரி, முடியட்டும், முடிஞ்சதும் விட்டுடலாம்னு எல்லாரும் அவசர அவசரமாக் கொடுத்துக்கிட்டிருந்தோம். முடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா, நீ அந்தாளுகிட்ட என்னவோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறே."

"நீங்க எல்லாம் என்னைக் கைவிட்டுட்டீங்கன்னு…"

"நாங்களா? நீதான் எங்களை வித்துட்டேன்னு நாங்க நினைச்சோம். மறுநாளே அந்தப் பொண்ணை அழுக்குல தள்ளினே. அப்புறம் எவ வாயைத் திறப்பா உங்கிட்ட?"

கஞ்சி பக்கத்திலிருந்த கூடையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நெஞ்சில் இத்தனை நாள் ஒரு கத்தி இருந்தது; அதை யார் குத்தியது என்று இப்போது தேடினால், பிடியில் அவள் கையே இருந்தது. அதைவிடப் பெரிய துரோகம் உண்டா, சொல்லுங்கள். அடுத்தவர் செய்தால் திட்டலாம், தனக்குத் தானே செய்துகொண்டால் யாரைத் திட்டுவது?

"அப்போ அவ மேனேஜர் ரூமுக்கு எதுக்குப் போனா?" என்று கூடையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

அதற்குப் பதில் அழுக்கு அறை வாசலிலிருந்து வந்தது. இயந்திரம் நின்றதைக் கேட்டு ரேடியோ அங்கே வந்து நின்றிருந்தாள், முழங்கை வரை கையுறையோடு.

"சின்னப்பொண்ணு முழுகாம இருக்கா அண்ணி. அன்னிக்கு வெறும் சூட்டுல மயங்கலை அவ. உருளை சூட்டுல நிக்கக் கூடாது, மடிக்கிற பக்கம் மாத்தச் சொல்லுங்கன்னு கேக்கப் போனேன். உங்ககிட்டதான் முதல்ல வந்திருக்கணும். அவதான் காலைப் பிடிச்சா, 'உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க, வேலைக்கு லாயக்கில்லைன்னு அனுப்பிடுவாங்க'ன்னு. அந்தாளும் பார்க்கலாம்னுட்டாரு. அவ விரலைப் பார்த்துக்கிட்டு நின்னேன் அன்னிக்கு. வேறெதையும் பார்க்கலை."

யாருக்காக அவள் கையைத் தூக்கினாளோ, அவளுக்கு என்ன உடம்பு என்று ஒருநாளும் கேட்கவில்லை கஞ்சி. விழுந்தவளைக் காட்டி மேனேஜரிடம் வாதாடினாள். விழுந்தவளின் பக்கத்தில் உட்காரவில்லை.

மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு ஆளை நிறுத்தணும்னு மேனேஜர் பேரு கேட்டிருக்காரு. நான் ரேடியோ பேரைச் சொல்றதா இருந்தேன். இன்னிக்குச் சொல்லியிருப்பேன்."

ரேடியோ கையுறையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவள் அழுதிருந்தால் கஞ்சிக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

"அழுக்குல போட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். கோபத்துல செய்யறாங்கன்னு நினைச்சேன். ஆனா இது… ஒரே வீட்டுல தூங்கி எழுந்திரிச்சு, ஒரே பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தீங்களே அண்ணி. வயித்துல என் பேரை வச்சுக்கிட்டு."

"ஆமா," என்றாள் கஞ்சி. சமாதானம் சொல்ல வந்த நாக்கை மடக்கிக்கொண்டாள். பிறகு எல்லாரையும் பார்த்து, "இப்போ என்ன செய்யலாம்? எனக்குத் தெரியலை. நீங்க சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கேள்வி அந்தக் கூடத்தில் அதுவரை கேட்கப்படாத ஒன்று. முதலில் யாருக்கும் அதை நம்ப முடியவில்லை. பிறகு ஒருத்தி பேசினாள், இன்னொருத்தி மறுத்தாள், ஒருத்தி மேனேஜரின் வழுக்கையைப் பற்றி ஏதோ சொல்ல அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். கடைசியில், கூடத்தில் கிடந்த ஈர விரிப்புகளை எல்லாம் ஓட்டி முடித்துவிட்டு, எல்லாருமாக மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. காற்றாடி ஓட வேண்டும், யாரையும் நிறுத்தக் கூடாது, அதுவரை புதிதாக ஒரு துணியும் உள்ளே போகாது என்று கண்ணாடியம்மாதான் பேசினாள். கஞ்சி கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். மேனேஜர் அவளைத் தனியாகப் பார்த்து, "நீங்களுமா?" என்றார். "நான்தான் சார் முதல்ல" என்றாள்.

வார்டுகளில் விரிப்பு இல்லையென்று நர்ஸுகள் மேனேஜரை ஃபோனில் பிடுங்கி எடுத்தார்கள். அன்று சாயங்காலமே காற்றாடியைச் சரிசெய்ய ஏணியோடு ஆள் வந்தான். ஆள் குறைப்பு விஷயத்தில் மேனேஜர் "பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' பழைய ஜாதி. ஆனால் இந்த முறை அது நமக்கு நல்லதாகவே அமைந்தது, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்.

கதை சுபமாக முடிந்ததா என்று முகத்தைப் பார்க்கிறீர்கள். அவ்வளவு சுலபமா கண்ணுகளா? வெளியாள் குத்தினால் தழும்பாகும். வீட்டாள் சந்தேகப்பட்டால், சிரிக்கிறபோதெல்லாம் அது உள்ளே இழுக்கும்.

அன்று வீட்டில் ரேடியோ காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டியபடி. கஞ்சி சுவரோரமாக நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம்தான். கேட்டால் அவள் கொடுத்தாக வேண்டியிருக்கும். அதுவும் ஒரு அதிகாரம் மாதிரிதானே என்று அவளுக்குத் தோன்றியது.

"நாளைக்கு யார் யாரை எங்கே போடலாம்?" என்று கேட்டாள்.

கத்தி நின்றது. திரும்பாமலே பதில் வந்தது.

"சின்னப்பொண்ணு மடிக்கிற பக்கம். உக்கார ஒரு ஸ்டூல் வேணும்."

"சரி."

"கண்ணாடியம்மாகூட உருளையில நான்."

"சரி."

"அழுக்கறைக்கு நீங்க."

உள்ளே புருஷன்காரர் இருமினார். கஞ்சி அவர் பக்கம் திரும்பவில்லை.

"எத்தனை நாளைக்கும்மா?"

"நான் சொல்ற வரைக்கும்."

"சரி," என்றாள் கஞ்சி.

காலையில் அழுக்கு அறைக்குள் போய், ஆணியில் தொங்கிய கையுறையை மாட்டினாள். கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை. வேலையில் கை வைத்ததும் ஈரமும் நாற்றமும் அதன் வழியாக உள்ளே வந்தன. இத்தனை நாளும் ரேடியோவின் விரல் இதற்குள்தான் இருந்திருக்கிறது. புதியது ஒன்று கேட்க ரேடியோவுக்கு முகம் கொடுத்துப் பேசுகிற ஒரு சூப்பர்வைசர் இல்லை. புதுக் கையுறைகளின் சாவி கஞ்சியின் இடுப்பிலேயே இருந்தது. எடுத்து அந்த அறைக்கு ஒரு கட்டு கொண்டுவந்து வைத்தாள். தனக்கு மட்டும் அன்று முழுக்க அந்த ஓட்டைக் கையுறையையே வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், கால் மரத்துப்போயிருக்கும், மெதுவாக. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பெரியவர்கள் வாயெடுப்பதற்கு முன் சின்னவர்கள் சொல்லி முடிக்கட்டும். கோபித்துக்கொண்டு தள்ளிய தட்டு மறுபடி பக்கத்தில் வரட்டும். உங்கள் மறுமூலையைப் பிடித்திருக்கிற கைகள், அவை யாருடையதாக இருந்தாலும், சுடாமல் சுகமாக இருக்கட்டும்.